கொசுறு மணி

கோடைக்காலத்தில் கூலங்கட்டாவில் யாரிடமாவது மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள், சட்டென்று பதில் வராது. "எந்தப் பக்கத்து மணி?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஊருக்கு நடுவே ஒரு தெரு ஓடுகிறது, அந்தத் தெருவோடு மாநில எல்லையும் ஓடுகிறது. வடக்குப் பக்க நடைபாதையில் எட்டு மணி என்றால் தெற்குப் பக்க நடைபாதையில் ஒன்பது. அக்டோபர் பிறந்து இங்கே கோடை தொடங்கியதும் தெற்கே ட்வீட் ஹெட்ஸ்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிக்கொள்வார்கள். ஏப்ரல் பிறந்ததும் பழையபடி பின்னால் இழுத்துக்கொள்வார்கள். வடக்கே குயின்ஸ்லாந்துக்காரர்களோ, சூரியன் என்ன எங்களைக் கேட்டுக்கொண்டா உதிக்கிறது என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆறு மாதம் இந்தக் கூத்து.

புதிதாக வந்தவர்கள் இதில் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். பல் டாக்டரிடம் போனால் கதவு பூட்டியிருக்கும், முடி வெட்டப் போனால் உன் முறை போய்விட்டது என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கல்யாணமோ சாவோ விருந்தோ, அவர்களுக்கு ஒரே ஒரு விதிதான்: யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறாயோ அந்த வீட்டு மணி. புது வருஷத்தைக்கூடத் தெற்கே ஒரு தரம் கொண்டாடிவிட்டு, தெருவைத் தாண்டி வடக்கே வந்து இன்னொரு தரம் கொண்டாடுகிற ஜனங்கள் இவர்கள்.

இந்த விதியை நம்பி உயிர் வாழ்ந்தவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் ரஸ்ஸல். டைல்ஸ் பதிக்கிறவன், வயது நாற்பத்திரண்டு, வடக்குப் பக்கம் கடலைப் பார்த்த மேட்டுத் தெருவில் ஒரு பழைய மரவீட்டில் தனியாக இருந்தான். அவனும் கெரினும் பிரிந்து மூன்று வருஷம் ஆகிறது. கெரின் தெற்குப் பக்கம், பத்து நிமிஷக் கார் தூரம். மகள் ஜூனிக்கு ஒன்பது வயது. வாரம் முழுக்க அம்மா வீடு, சனி ஞாயிறு அப்பா வீடு. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ரஸ்ஸல் போய் அழைத்து வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கெரின் வந்து அழைத்துப் போக வேண்டும். எந்த ஊர் மணி என்று வக்கீல் எழுதவில்லை. அவர் பிரிஸ்பேன்காரர், அவருக்கு இது எங்கே தோன்றப்போகிறது!

"உன் வீட்டு வாசல்ல உன் மணி, என் வீட்டு வாசல்ல என் மணி. சரியா?" என்று கெரின்தான் சொன்னாள். ஊர் வழக்கம் அதுதானே என்று ரஸ்ஸல் தலையாட்டிவிட்டான்.

முதல் கோடையில்தான் அவனுக்கு விஷயம் புரிந்தது. கெரின் வீட்டு வாசலில் ஒன்பது மணிக்குப் போய் நின்றான், ஜூனியைக் காரில் ஏற்றினான், வீட்டுக்கு வந்து பார்த்தால் சமையலறைக் கடிகாரத்தில் எட்டே கால்கூட ஆகவில்லை. ஞாயிறு சாயங்காலம் கெரின் வந்ததோ அவன் வீட்டு மணிப்படி ஐந்துக்கு. அவள் வீட்டில் அப்போது ஆறு. மடியில் ஒரு மணி நேரம் சும்மா வந்து விழுந்திருந்தது. ரஸ்ஸல் வாயே திறக்கவில்லை. வாயைத் திறந்தால் கெரின் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிடுவாளோ என்று பயம்.

அந்த ஒரு மணிக்குப் பெயர் வைத்தவள் ஜூனி. கடற்கரை மீன் கடையில் உருளைக்கிழங்கு வறுவலை அளந்து பொட்டலத்தில் கொட்டிவிட்டு, காகிதத்தை மடிப்பதற்கு முன்னால் கடைக்காரர் இன்னும் ஒரு அள்ளு அள்ளிப் போடுவார் அல்லவா, அந்தக் கொசுறு அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதைத்தான் முதலில் தின்பாள். "அப்பா, இது கொசுறு மணி" என்றாள் ஒரு சனிக்கிழமை. "நாம கிளம்பினதுக்கு முன்னாடியே வந்து சேந்துட்டோம் பாரு." அதற்குச் சட்டமும் அவளே போட்டாள். கொசுறு மணியில் உருப்படியான காரியம் எதுவும் செய்யக்கூடாது. வீட்டுப்பாடம் கூடாது, தலை வாரக்கூடாது, ஃபோனைத் தொடக்கூடாது. பின்கட்டுப் படியில் உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம், டோஸ்ட் தின்னலாம், பேசலாம், பேசாமலும் இருக்கலாம். அவ்வளவுதான்.

இப்படியாக, மேட்டுத் தெருவிலேயே தெற்கத்தி மணியை விரும்புகிற ஒரே குயின்ஸ்லாந்துக்காரனாக ரஸ்ஸல் ஆகிப்போனான். பக்கத்துத் திருப்பத்தில் குடியிருக்கும் நோரீனுக்கு அது ஆகாது. எழுபத்து மூன்று வயது, வாய்க்குப் பூட்டே கிடையாது.

"அந்தக் கருமம் மட்டும் இங்க வந்துச்சுன்னா என் ஜன்னல் திரையெல்லாம் வெளுத்துப் போயிடும்" என்பாள், வேலிக்கு மேலே தோட்டக் குழாயைப் பிடித்துக்கொண்டு.

"வெயில் அதே வெயில்தான் நோரீன். மணியைத்தான் மாத்துறாங்க, சூரியனை இல்லை."

"எனக்குப் பாடம் எடுக்காதே. போன டிசம்பர்ல என் சிநேகிதி செத்துப்போனா, தெக்குப் பக்கம் சர்ச்சுல அடக்கம். பத்து மணின்னாங்க. நம்ம பத்துக்குப் போய் நின்னேன், அங்க பதினொண்ணு. பெட்டியையும் பார்க்கலை, பாட்டையும் கேக்கலை. சாண்ட்விச்சைத்தான் பார்த்தேன். அம்பது வருஷ சிநேகிதம்ப்பா, வெள்ளரிக்கா சாண்ட்விச்சோட முடிஞ்சுபோச்சு."

"வாசல் மணியைப் பார்க்காதது உங்க தப்புதானே?"

"துக்கத்துல இருக்கிறவ வாசலைப் பார்ப்பாளா, மணியைப் பார்ப்பாளா?" என்று அவன் காலில் தண்ணீரைப் பீய்ச்சினாள். "நீ ஏன்டா அதுக்கு இப்படி வக்காலத்து வாங்குறே? உனக்கு அதுல என்ன லாபம்?"

"சாயங்காலம் வெளிச்சம் நிறைய கிடைக்குமில்ல. வேலை முடிஞ்சு கடல்ல இறங்கலாம்" என்று ரஸ்ஸல் மழுப்புவான். உண்மையைச் சொன்னால் அது காற்றில் பறந்து எல்லை தாண்டிக் கெரின் காதில் விழுந்துவிடும். நோரீனிடம் சொன்னால் நிச்சயம் விழும்.

பிப்ரவரி மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு. ஜூனியை அழைத்துப்போக வந்த கெரின் காரைவிட்டு இறங்கி, பையை வாங்கிக்கொள்ளாமல் வாசலிலேயே நின்றாள், ஜூனி அதற்குள் காரில் ஏறிவிட்டாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் அவள். எல்லையின் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஏற்றி இறக்குகிறவள். அதனால் கோடை ஆறு மாதமும் இடது கையில் இரண்டு கைக்கடிகாரம் கட்டியிருப்பாள், ஒன்று வடக்கு மணி, இன்னொன்று தெற்கு மணி. பிள்ளைகள் அவளை 'ரெண்டு வாட்ச்' என்றுதான் கூப்பிடும். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைகூட அவளால் பள்ளிக்குத் தாமதமாகப் போனதில்லை.

"ரஸ், எனக்கு டப்போல வேலை கிடைச்சிருக்கு" என்றாள். "புது டிரைவருங்களுக்குப் பயிற்சி குடுக்கிற வேலை. பக்கத்துலயே அக்கா வீடு. ஆனா ஜூனியையும் கூட்டிட்டுப் போகணும். நீ வேண்டாம்னு சொன்னா போகலை. இப்பவே சொல்லிடு."

டப்போ கெரின் இருக்கிற அதே தெற்கு மாநிலம்தான், ஆனால் உள்நாட்டில் எங்கேயோ கிடக்கிறது. இங்கிருந்து ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்ட வேண்டும். சனி ஞாயிறுக்குப் போய்வருகிற தூரமா அது? பள்ளி விடுமுறைக்கு விடுமுறை பார்த்தால்தான் உண்டு. போகாதே என்ற வார்த்தை ரஸ்ஸலின் தொண்டை வரைக்கும் வந்தது. வந்து அங்கேயே நின்றது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை இதே மாதிரி கெரினுக்கு லிஸ்மோரில் ஒரு வேலை கிடைத்தது. கடலை விட்டு வரமாட்டேன் என்று அவன் அடம் பிடித்தான், அவள் விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுத்ததை அவள் கடைசிவரை மறக்கவில்லை, அவன்தான் மறந்து போனான். அவர்கள் பிரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

"நல்ல வேலைதானே, விட்டுடாதே" என்றான்.

கெரின் பையை வாங்கிக்கொண்டாள். சரி என்று மட்டும் சொன்னாள். அந்த வாரம் ரஸ்ஸல் ஒரு குளியலறைக்குப் பதித்த டைல்ஸ் மொத்தமும் கோணல். அடுத்த திங்கட்கிழமை பெயர்த்து மறுபடியும் பதித்தான்.

நாள் எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை லாரி வருகிறது என்றால், அதற்கு முந்தைய சனி ஞாயிறுதான் ஜூனியின் கடைசி வாரம். அந்த ஞாயிறு விடியும்போதுதான் தெற்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளுகிறார்கள். அதாவது சனிக்கிழமை கொசுறு மணி உண்டு, அதோடு சரி. விதி அவனுக்கென்று உட்கார்ந்து யோசித்திருக்கிறது போல.

சனிக்கிழமை போனபோது கெரின் வீடு முழுக்க அட்டைப்பெட்டி. கெரின் கையில் டேப்போடு வந்தாள். "செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு லாரி. சோபாவும் ஜூனி கட்டிலும்தான் கனம். ஒரு கை பிடிக்க வர்றியா?"

"வேலை இருக்கே" என்றான் ரஸ்ஸல். ஒரு வேலையும் இல்லை. அந்தக் கட்டிலை அவன்தான் செய்தான், அதைத் தன் கையாலேயே தூக்கி லாரியில் ஏற்ற அவனுக்குத் தெம்பில்லை.

"சரி, பரவாயில்லை" என்று அவள் மறுபடியும் டேப்பைக் கிழிக்கப் போய்விட்டாள்.

அன்றைக்குக் கொசுறு மணியில் ஜூனி பேசவே இல்லை. பின்கட்டுப் படியில் உட்கார்ந்தாள், வெஜிமைட் என்கிற உப்புக் களிம்பைத் தடவிய டோஸ்டை ஓரமெல்லாம் கடித்து நடுப்பாகத்தைக் காக்கைக்குப் போட்டாள். ரஸ்ஸல் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான்.

"டப்போல பெரிய மிருகக்காட்சிசாலை இருக்குடா. ஒட்டகச்சிவிங்கியெல்லாம் பக்கத்துல நின்னு பார்க்கலாம்."

"தெரியும்."

"அங்க ராத்திரி நட்சத்திரம் நல்லாத் தெரியுமாம்."

"அங்க எல்லாருக்கும் ஒரே மணிதானாப்பா?"

"ஆமா."

"அப்ப கொசுறு கிடையாது" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒரு மணி நேரத்தில் பாதிகூட ஆகியிருக்கவில்லை. அவளாகக் கொசுறு மணியை முறித்துக்கொண்டு எழுந்து போனது அதுதான் முதல் தடவை.

ஞாயிறும் அப்படியே நகர்ந்தது. கடலுக்குப் போனார்கள், மீன் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் போட்ட கொசுறு வறுவலை ஜூனி தொடாமல் வைத்துவிட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நாலரை மணிக்கு ரஸ்ஸல் அவள் பையைக் கட்டி வாசலில் வைத்தான். நீச்சல் உடுப்பு இன்னும் ஈரமாக இருந்தது, அதைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டான். இனிமேல் இது உலர்ந்து அடுத்த வாரம் திரும்பி வராது.

ஐந்து மணி ஆயிற்று. கெரின் வரவில்லை.

அவன் வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தான். ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்கு ஹாரன் அடிக்கிறவள் கெரின். மூன்று வருஷத்தில் இப்படி ஆனதில்லை. ஒருவேளை வழியில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று முதலில் பதறினான். பிறகுதான் மண்டையில் உறைத்தது. இன்றைக்குக் காலையில் மணி மாறியிருக்கிறது! கெரின் எழுந்ததும் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியிருப்பாள். தள்ளிவிட்டு, ஆறு மாதப் பழக்கத்தில், 'ரஸ்ஸல் வீட்டு ஐந்து என்றால் என் வீட்டு ஆறு' என்று ஆறு மணிக்குக் கிளம்பக் காத்திருப்பாள். இது இந்த எல்லையில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே வருகிற தப்பு. மணி மாறுகிற ஞாயிற்றுக்கிழமை வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் செய்வார்கள். போன வருஷம் நோரீன் தெற்குப் பக்கம் பிங்கோ ஆட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், பெருக்குகிற ஆளோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

ரஸ்ஸல் ஃபோனை எடுத்தான். 'கெரின், மணி மாறிடுச்சு, அஞ்சு ஆகுது' என்று அடித்தான். அனுப்பவில்லை. விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. சொல்ல வேண்டியதுதான் நியாயம். அவளுக்கு வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கும், அட்டைப்பெட்டி பாதி கட்டாமல் கிடக்கும். ஆனால் இதை அனுப்பினால் பத்து நிமிஷத்தில் வந்து நிற்பாள், ஜூனி போய்விடுவாள், அத்தோடு முடிந்தது. திருட்டுப் பயலே என்று தன்னையே திட்டிக்கொண்டு, அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.

"அம்மா எங்க?" ஜூனி ஷூவைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"வருவா. மணியைக் குழப்பிக்கிட்டா போலிருக்கு. ஆறுக்குத்தான் வருவா."

ஜூனி கொஞ்சம் யோசித்தாள். அந்தக் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "அப்ப இது கொசுறா?"

"ஆமாடா, கொசுறு."

உடனே வாசற்படியிலேயே ஷூவை உதறிப் போட்டாள். ஒன்று இந்தப் பக்கம் விழுந்தது, ஒன்று அந்தப் பக்கம். இரண்டு நாளாக இறுகிக் கிடந்த முகம் இப்போதுதான் இளகியது. ரஸ்ஸல் டோஸ்ட் போட்டான், இருவரும் பின்கட்டுப் படியில் போய் உட்கார்ந்தார்கள். பக்கத்துப் பைன் மரத்தில் பஞ்சவர்ணக் கிளிகள் அடைய வந்து கத்தித் தீர்த்தன. தாழைப் புதருக்கு அப்பால் கடல் கறுத்துக்கொண்டிருந்தது.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"நீ ஏன் அம்மாகிட்ட போகாதேன்னு சொல்லலை?"

ரஸ்ஸல் கையிலிருந்த டோஸ்டைத் தட்டில் வைத்தான்.

"உங்கம்மாவுக்கு அந்த வேலை ரொம்பப் புடிச்சிருக்கு. முன்ன ஒரு தடவை நான் போகாதேன்னு சொன்னேன், அது தப்பாப் போச்சு."

"அப்ப நான் போறது உனக்குப் பரவாயில்லையா?"

"யார் சொன்னா?"

"நீ 'நல்ல வேலை, விட்டுடாதே'ன்னு சொன்னே. நான் கார்ல இருந்து கேட்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை நீ." அவள் குரல் உடைந்தது. "நான் இல்லாட்டி உனக்கு நிம்மதின்னு நெனச்சேன்."

அட கடவுளே, இதையா இந்தப் பிள்ளை ஒரு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தது! ரஸ்ஸல் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான். ஒன்பது வயதுக்கு மடி போதாது, கால் இரண்டும் படியில் தொங்கின.

"பரவாயில்லையாவது! ஜூனி, இங்க பாரு என்னை. எனக்குத் தாங்கலை. தினமும் காலையில எழுந்ததும் நீ எழுந்திருச்சியா, என்ன தின்னேன்னுதான் முதல்ல நெனைக்கிறேன். சனிக்கிழமை சீக்கிரம் வரணும்னுதான் வாரம் பூரா வேலையே செய்றேன். யோசிச்சிருந்தா போகாதேன்னு சொல்லிடுவேன்னு பயம், அதான் யோசிக்காமச் சொன்னேன். புரியுதா?"

"கொஞ்சம்."

"லீவு விட்டதும் நானே வந்து கூட்டிட்டு வருவேன். ஒரு பகல் பூரா கார்ல போகணும், வழி முழுக்க நீதான் பாட்டுப் போடணும்."

"நீ கூடவே பாடக்கூடாது."

"பாடுவேன்."

"அப்பா!" என்று அவன் நெஞ்சில் குத்தினாள். பிறகு அழுதாள், அவனும் அழுதான், அது வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. கிளிகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்டிருக்காது. பிறகு மிச்ச டோஸ்டையும் தின்றார்கள். ஜூனி நடுப்பாகத்தையும் சேர்த்தே தின்றாள்.

ஆறு மணிக்குச் சரியாக ஹாரன் கேட்டது. இருட்டத் தொடங்கியிருந்தது. கெரின் இறங்கி வந்து நெற்றியில் தட்டிக்கொண்டாள். "ஐயோ, மணி மாறினதையே மறந்துட்டேன் ரஸ். பழக்கதோஷம்."

ரஸ்ஸலுக்கு மறைக்க மனம் வரவில்லை. "எனக்கு அஞ்சு மணிக்கே தெரியும். ஃபோன் பண்ணியிருக்கணும், பண்ணலை. மன்னிச்சுக்கோ."

"பரவாயில்லை, விடு" என்று அவள் ஜூனியின் ஷூவைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். பையைத் தூக்க அவள் நீட்டிய இடது கையை ரஸ்ஸல் பார்த்தான். இன்றைக்கு ஒரே ஒரு கடிகாரம்தான் இருந்தது. இன்னொன்று இருந்த இடத்தில், வெயில் படாத தோல் ஒரு பட்டையாக வெளுத்துத் தெரிந்தது. பார்த்தானே தவிர, அந்த நேரத்தில் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஜூனி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றிருந்தாள். கடைசியில் விட்டாள். கார் திருப்பத்தில் மறைகிறவரை கை ஆட்டிக்கொண்டே போனாள்.

அவன் உள்ளே போக மனமில்லாமல் வேலியருகே நின்றான். திருப்பத்திலிருந்து நோரீன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏன் கண்ணு, உன் பொண்டாட்டி என் கோப்பையைக் குடுத்துட்டுப் போனாளா?"

"எந்தக் கோப்பை?"

"நீலப் பூப் போட்டது. டீ குடுத்தேனே அவளுக்கு."

"எப்ப?"

"இப்பத்தான். அஞ்சுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கிறப்பவே வந்துட்டாளே. என் வீட்டு முன்னாடி காரை நிறுத்திட்டு உள்ளேயே உக்கார்ந்திருந்தா. ரொம்ப நேரமா அப்படியே இருக்காளே, கார் ரிப்பேரோன்னு போய்க் கண்ணாடியைத் தட்டினேன். உள்ள போகலையாம்மான்னேன். இன்னும் மணி ஆகலைன்னா. என்னடி சொல்றே, அஞ்சரை ஆகப்போகுதேன்னேன்." நோரீன் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "'அவங்க வீட்டுல இன்னும் ஆகலை நோரீன்'னா. மூக்கெல்லாம் செவந்து கெடந்துச்சு. அப்புறம் நான் ஒண்ணும் கேக்கலை, டீ போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன்."

அவள் கையில் பார்த்த அந்த வெளுத்த பட்டை ரஸ்ஸலுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு கடிகாரம் கட்டிக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளை நிமிஷம் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறவளா மணி மாறியதை மறப்பாள்? காலையிலேயே ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டுத்தானே வந்திருக்கிறாள்! அப்படியென்றால் போன வருஷம்? அதற்கு முந்தின வருஷம்? உன் வாசலில் உன் மணி, என் வாசலில் என் மணி என்று அவள்தானே சொன்னாள். மூன்று கோடையாக ஒவ்வொரு சனிக்கிழமையும், தன் மகளோடு இருக்க வேண்டிய நேரத்தில் ஒரு மணியை எடுத்து அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவனோ அது கடிகாரத்திலிருந்து உதிர்ந்தது என்று நினைத்து ஒளித்து ஒளித்து வைத்துக்கொண்டான். கொசுறு தானாக எங்கேயாவது விழுமா? கடைக்காரர் கையை விட்டு அள்ளிப் போட்டால்தானே உண்டு. இது கூடத் தெரியாமல் இத்தனை நாள் இருந்திருக்கிறோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவள் மேல் இன்னும் இவ்வளவு ஆசை மிச்சமிருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, நாளை மறுநாள் லாரி வருகிறது.

"என்னடா ஆச்சு உனக்கு? முகமே சரியில்லையே" என்றாள் நோரீன்.

"ஒண்ணுமில்லை. உங்க கோப்பை வந்துடும், நான் பொறுப்பு."

அவள் போனதும் படியில் உட்கார்ந்து ஃபோனை எடுத்தான். 'செவ்வாய்க்கிழமை லாரி ஏழு மணிக்குன்னியே. நான் ஆறு மணிக்கே வந்துடறேன். ஜூனி கட்டிலை நானே கழட்டறேன்' என்று அடித்தான். இந்தத் தடவை யோசிக்காமல் அனுப்பினான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. 'வேலை இருக்குன்னியே? அதுவும் ஏன் ஆறு மணிக்கே?'

அவன் ஒரே ஒரு வார்த்தை அடித்தான். 'கொசுறு.'

கிளிகள் அடங்கிவிட்டன, கீழே அலைச் சத்தம் மட்டும் கேட்டது. பதில் வராது என்று நினைத்து அவன் எழுந்தபோது ஃபோன் ஒளிர்ந்தது.

'நோரீனோட கோப்பை என்கிட்ட இருக்கு. வர்றப்ப மறக்காம வாங்கிட்டுப் போ.'

அவன் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு கொட்டகைக்குப் போய் விளக்கைப் போட்டு, கட்டில் கழற்றுவதற்கான ஸ்பேனர்களைத் தேடி எடுத்து வைத்தான்.